கலர் தெரியாத கரு வேண்டாம் என்றார்கள்

1. முதல் நாள் சொன்ன பொய்

கருத்தரிப்பு மையத்தின் லேபில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு பொய் சொன்னேன். வாய் திறந்து சொன்ன பொய்கூட இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்டுத் தப்பித்தேன். அந்தத் தப்பித்தலுக்கு இருபத்திரண்டு வருடம் தீனி போட்டு வளர்த்தேன். போன வருடம் அது என் மேலேயே பாய்ந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். சிரிக்க மட்டும் உதவினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் மையம் சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற ரோட்டில் இருக்கிறது. என் பதவி எம்ப்ரியாலஜிஸ்ட். பிள்ளை இல்லாத தம்பதிகளின் கருமுட்டையையும் விந்தணுவையும் லேபில் சேர்ப்போம். ஐந்து நாள் வளர்ப்போம். நன்றாக வளர்ந்த கருவை டாக்டர் கையில் கொடுப்போம். மிச்சத்தை உறையவைத்து நைட்ரஜன் டேங்கில் பத்திரப்படுத்துவோம். ஊரில் யாராவது கேட்டால், "பிரிட்ஜுல பிள்ளை வச்சிருக்கிற இடத்துல வேலை" என்று என் மனைவி சொல்லுவாள்.

முதல் நாள் எங்கள் சீஃப் டாக்டர் மேடம் டேங்கைத் திறந்து காட்டினார். வெள்ளைப் புகை பொங்கி வழிந்தது. பழகுவதற்கென்று காலி ஸ்ட்ராக்கள் சில உள்ளே இருந்தன. ஸ்ட்ரா என்பது ஈர்க்குச்சி கனத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சி. நுனியில் கரு இருக்கும். தலையில் கலர் மூடி இருக்கும். சட்டென்று அடையாளம் தெரிய ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு கலர் கொடுப்பது வழக்கம்.

"முருகேசன், அந்தப் பச்சை மூடியை எடுங்க பார்ப்போம்" என்றார் மேடம்.

எனக்குப் பிறவியிலேயே கலர் சரியாகத் தெரியாது. பச்சை, சிவப்பு, பிரவுன் மூன்றுக்கும் என் கண் ஒரே யூனிபார்ம் மாட்டிவிடும். டேங்குக்குள் பார்த்தேன். அத்தனை பேரும் யூனிபார்மில் நின்றார்கள்.

"மேடம், மூடி கலரை நம்பி எடுக்கலாமா? நம்பரை வாசிச்சுட்டு எடுக்கிறதுதானே சேஃப்?" என்றேன்.

மேடம் என்னை உற்றுப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

"வெரி குட். இந்த வேலைக்கு இப்படித்தான் யோசிக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் லேபில் ஒரு சட்டம். ஸ்ட்ராவைத் தொடும் முன் பெயர், நம்பர், தேதி மூன்றையும் நான் சத்தமாக வாசிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிற இன்னொருவர் திரும்ப வாசித்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எனக்கு 'நம்பர் முருகேசன்' என்று பெயர் வந்தது. என் கண்டிப்பைப் பார்த்து ஜூனியர்கள் நடுங்கினார்கள். அந்தக் கண்டிப்பு முழுவதும் என் நடுக்கத்திலிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

2. கிளி மைனா ஆன கதை

மேடத்திடம் அன்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லாததற்குக் காரணம் ஒரு கிளி.

விலங்கியல் படித்துவிட்டுச் சும்மா இருந்த காலத்தில் ஒரு பிரஸ்ஸில் செக்கர் வேலைக்குப் போனேன். மிஷினிலிருந்து வருகிற ஷீட்டைப் பார்த்துச் சரி, தப்பு சொல்ல வேண்டும். கலர் தெரியாதவன் இந்த ஊரில் தேடிப் பிடித்துச் சேர்ந்த வேலையைக் கவனியுங்கள். பட்டாசு டப்பாவுக்கு ஒட்டுகிற லேபிள். அதில் ஒரு கிளிப்படம். மெஜந்தா மை அதிகமாக ஏறிக் கிளி முழுக்கப் பிரவுனாக வந்திருக்கிறது. நான் ஒவ்வொரு கட்டையும் பார்த்து, தலையாட்டி, அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் முதலாளி ஒரு லேபிளை என் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"ஏலே, இது என்ன?"

"கிளி, முதலாளி."

"எந்த ஊர்ல கிளி இந்தக் கலர்ல இருக்கு? இது மைனால. உன்னைய கிளி ஜோசியக்காரன்ட்ட விட்டா அவன் பொழப்பும் போயிரும்."

விருதுநகரில் கண் டாக்டரிடம் போனேன். புள்ளி புள்ளியாக ஒரு புத்தகத்தைக் காட்டி, இதில் ஒரு எண் இருக்கிறது, சொல்லு என்றார். எனக்குப் பொரிகடலையைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. "பொரிகடலை" என்றே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்ன ஜோக்குகளில் சிரிப்பே வராத முதல் ஜோக் அது.

ஒரு வேலை போய்விட்டது, இன்னொன்றும் போய்விடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இதற்கு மேல் பெரிய தத்துவம் எதுவும் இதில் இல்லை.

3. வேஸ்டேஜ்

போன வருடம் வந்தது தங்கராசு அண்ணாச்சி வீட்டுக் கேஸ்.

அண்ணாச்சிக்கு ஆஃப்செட் பிரஸ். காலண்டர் சீசனில் அவர் மிஷின் நிற்காது. எத்தனை ஆள் இருந்தாலும் ஒவ்வொரு ஜாபிலும் முதல் நல்ல ஷீட்டை அவரே பார்த்து, 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷின் வேகமெடுக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு லென்ஸ் வைத்திருப்பார்.

அவர் மகன் கார்த்திக், மருமகள் அபிராமி. கல்யாணமாகிப் பதினோரு வருடம். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தேழு வயது. இரண்டு முறை சிகிச்சை செய்து தங்கவில்லை. மூன்றாவது முறை முட்டை எடுத்ததில் மூன்று கரு கிடைத்தது. மூன்றையும் கலர் மூடி போட்ட ஸ்ட்ராக்களில் உறையவைத்து, எப்படி வைத்திருக்கிறோம் என்று வீட்டாரிடமும் விளக்கினோம். இனிமேல் முட்டை கிடைப்பது ரொம்பக் கஷ்டம் என்று மேடம் அவளிடம் நேராகவே சொல்லியிருந்தார். ஆக, அபிராமிக்கு இருந்த வாய்ப்பு டேங்கில் இருந்த அந்த மூன்றுதான். முதல் கருவை உள்ளே வைக்கத் திங்கட்கிழமை நாள் குறித்தாயிற்று.

அதற்கு முந்தின வியாழக்கிழமை அண்ணாச்சி, மகன், மருமகள் மூவரும் வந்தார்கள். நானும் மேடம் ரூமில் இருந்தேன்.

"டாக்டர், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில ஒரு விசயம் காதுல விழுந்துச்சு" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி. "நம்ம மருமக தம்பி இருக்கான்ல, அவனை ரயில்வேல மெடிக்கல்லயே கழிச்சுட்டாகளாம். கலர் தெரியாதாம். இது அக்கா வழியா பிள்ளைக்கும் வரும்னு சொல்லுதாக. நெசமா?"

"வர வாய்ப்பு இருக்கு. கட்டாயம் வரும்னு இல்லை" என்றார் மேடம்.

"எங்க பிரஸ்ல மிஷின் ஓட்டுனா முத நூறு ஷீட்டு வேஸ்டேஜ். கலர் செட்டான பெறகு வாறதுதான் ஜாபு. அதே மாதிரி இந்த மூணுலயும் கலர் தெரியாதது எதுன்னு டெஸ்ட் பண்ணி அதைக் கழிச்சிருங்க. மத்ததை வைங்க. அம்புட்டுதான் நான் கேக்கேன்."

என் பெயரைச் சொல்லாமல் என்னைப் பற்றிப் பேசுவதை உட்கார்ந்து கேட்பது விசித்திரமான அனுபவம். நான் மிகவும் மும்முரமாக ஃபைலைப் புரட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது ஏசி மெக்கானிக்கின் ஃபைல்.

"அண்ணாச்சி, இது நோய் இல்லை. கடுமையான பரம்பரை நோய் இருந்தாத்தான் கருவுல அந்த மாதிரி டெஸ்டுக்குச் சட்டத்துல இடம்" என்றார் மேடம். "இன்னொண்ணு. இது பெரும்பாலும் பையன்களுக்கு வர்றது. இந்தக் கருவுக்கு இருக்குன்னு நான் சொன்னா, பையன்னு சொன்ன மாதிரியே ஆயிரும். அதுக்கு நான் ஜெயிலுக்குப் போகணும்."

அண்ணாச்சி மகனையும் மருமகளையும் ஒரு தடவை பார்த்தார்.

"அப்ப மூணையும் கழிச்சிருவோம். வெளிநாட்டுல எல்லாத்தையும் பாத்து வடிகட்டிக் குடுக்கானாமே. அங்கன போயிப் புதுசா ஆரம்பிச்சுக்கிடுதோம்."

"கழிக்கணும்னா கணவன், மனைவி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"போடுவாக" என்றார் அண்ணாச்சி.

கார்த்திக் தன் செருப்பைப் பார்த்தான். அபிராமி எதையும் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி வெளுத்துப் போகிற அளவுக்குச் சுற்றினாள்.

4. பாத்ரூமில் ஒத்திகை

அவர்கள் போனதும் மேடம் சொன்னார்: "சனிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கேன். நான் பேசினா சட்டமாத்தான் பேசுவேன். நீங்க பேசுங்க முருகேசன். நாலு ஜோக் அடிச்சு மனுஷனை இளக்குங்க. உங்களுக்கு அது வரும்."

வரும்தான். ஆனால் எதற்கும் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

ஸ்டாஃப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன். "அண்ணாச்சி, கலர் தெரியாதவங்களும் நல்லாத்தான் வாழுதாங்க." உதாரணம் யார் என்று அவர் கேட்டால்? "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு." அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால்? "கலர் மூடி போட்ட குச்சியில உங்க பேரப்பிள்ளைகளை அடுக்குற வேலை."

கதவு தட்டப்பட்டது. தியேட்டர் நர்ஸ் சாந்தி சிஸ்டர். என்னோடு பதினெட்டு வருடமாக ரிஜிஸ்டரில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்.

"சார், உள்ள யாரோட பேசிக்கிட்டு இருக்கீக?"

"என்னோடதான் சிஸ்டர்."

"பதில் சொல்லுதாரா?"

இல்லை, அவர் பதில் சொல்லவில்லை. பதிலாக ஒரு கேள்வி கேட்டுவிட்டார். அதை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கருவைப் பார்த்து, இது நல்ல கிரேடு, இது சுமார், இது ஆகாது என்று பிரித்தவன் நான். ஆகாததை ஆகாத ஐட்டம் போடுகிற டப்பாவில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். ஒரு நாளும் உறுத்தியதில்லை. கழிக்கிற பட்டியலில் என் பெயர் வந்த பிறகுதான் எனக்கு நியாயம், தர்மம் எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறதா?

கண்ணாடியில் இருந்தவன் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு வெளியே வந்தேன்.

5. பச்சையைத் தொடுங்க

சனிக்கிழமை கவுன்சிலிங் ரூமில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான். கழிப்பதற்கான ஃபாரம் மேஜை மேல் இருந்தது. அண்ணாச்சி கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

நான் முதல் ஜோக்கைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது ஜோக்கை எடுத்தேன். பாதியில் அதன் முடிவு எனக்கே மறந்துவிட்டது.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். பிரஸ்ஸில் மை கலருக்கு வைத்திருக்கிற ஷேட் கார்டு. கட்டம் கட்டமாகக் கலர். அதை என் முன்னால் தள்ளினார்.

"தம்பி, நான் எதுக்குப் பயப்படுதேன்னு உங்களுக்கு வெளங்கலை. உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கு, அதான். இதுல எலைப்பச்சை எது, தொட்டுக் காட்டுங்க. ஒரு நிமிசம் ஆகாது உங்களுக்கு. அந்தப் பிள்ளைக்கு ஆயுசு முழுக்கத் தெரியாது. அதைத்தான் நான் சொல்லுதேன்."

நான் அட்டையைப் பார்த்தேன். கட்டத்துக்கு நம்பர் இருக்கும் என்று தேடினேன். நம்பர் பின்பக்கம் இருந்தது. அந்த அட்டையைத் தயாரித்தவரை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

உடனே செல்போனை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, சொல்லுங்க சார், நைட்ரஜன் வண்டியா?" என்றேன்.

"தம்பி, போனைத் தலகீழாப் பிடிச்சிருக்கீக" என்றார் அண்ணாச்சி.

கார்த்திக் முதல் முறையாகச் சிரித்தான். நான் போனை வைத்தேன். கைக்குப் பக்கத்தில் ஏசி ரிமோட் இருந்தது, ஏசியைக் கூட்டினேன். குறைத்தேன். அண்ணாச்சி காத்துக்கொண்டே இருந்தார். அபிராமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் மாமனாரிடம் அவள் சொல்ல முடியாத ஒரு வார்த்தையை இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் சொல்ல வேண்டும். நானோ ரிமோட்டை வைத்துக்கொண்டு விளையாடுகிறேன்.

விரலை வைத்தேன்.

"அது அரக்கு தம்பி."

பக்கத்துக் கட்டத்தில் வைத்தேன்.

"அது செங்கல் கலரு." அண்ணாச்சியின் குரல் மாறியது. "வெளையாடுதீகளா?"

"இல்லை அண்ணாச்சி. எனக்கும் தெரியாது. பிறவியிலேயே தெரியாது."

இந்த இடத்தில் எல்லார் கண்ணும் கலங்கியிருக்கும், அண்ணாச்சி என் கையைப் பிடித்திருப்பார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த ஒரு விநாடி எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"எங்க மூணையும் குச்சில எடுத்து வச்சது யாரு?" என்றார் அண்ணாச்சி.

"நான்தான்."

"கலர் மூடி போட்டு?"

"ஆமா."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப அது எங்க பிள்ளைதானான்னு எவனுக்குத் தெரியும்? டாக்டரைக் கூப்பிடுங்க."

அபிராமியின் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியது எனக்கே தெரிந்தது. மூன்று கருவைக் காப்பாற்றப் போனவன், மூன்றையும் யாருடையது என்றே தெரியாதவையாக ஆக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

6. ரிஜிஸ்டர்

மேடம் வந்தார். விஷயத்தைக் கேட்டார். என்னைப் பார்த்து, "இருபத்திரண்டு வருஷம், முருகேசன்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அண்ணாச்சியிடம் திரும்பி, "உங்க சந்தேகம் நியாயமானது. இப்பவே சரிபார்க்கலாம். இவர் லேபுக்குள்ள வர மாட்டார்" என்றார்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நான் நின்றேன். பக்கத்தில் மற்ற மூவரும். உள்ளே மேடமும் சாந்தி சிஸ்டரும் டேங்கைத் திறந்து, ஸ்ட்ராக்கள் நைட்ரஜனை விட்டு வெளியே வராமல், ஒவ்வொன்றாகப் பெயரும் நம்பரும் தேதியும் சத்தமாக வாசித்தார்கள். மூன்றும் அபிராமி, கார்த்திக். முட்டை எடுத்த நாளிலிருந்து உறையவைத்த நாள் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ரிஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து இருந்தது.

அவர்கள் வெளியே வந்ததும் அண்ணாச்சி ரிஜிஸ்டரை வாங்கி, பையிலிருந்து லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். வேறு யாராவது இருந்தால் எரிச்சல்பட்டிருப்பேன். அவர் வேலை தெரிந்தவர். வேலையைப் பார்க்கத் தெரிந்தவர்.

"ரெண்டாவது கையெழுத்து யாருது?"

"என்னோடது" என்றார் சாந்தி சிஸ்டர்.

"ஒங்களுக்குக் கலர் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். இந்த சாருக்குத் தெரியாதுங்கிறதும் தெரியும்."

நான் திரும்பிப் பார்த்தேன். "எப்ப இருந்து சிஸ்டர்?"

"நான் சேந்த முத வாரத்துல இருந்து. ஒரு கால்ல பச்சை சாக்ஸும் ஒரு கால்ல பிரவுன் சாக்ஸும் போட்டுட்டு வந்து, ஷூவைக் கழட்டி வச்சுட்டு லேபுக்குள்ள நடக்கீக. நாங்க என்ன குருடா? அதனாலதான் ஒங்க வாசிப்பை நான் ரெண்டு தடவை பாப்பேன். சொன்னா நீங்க சங்கடப்படுவீகன்னு சொல்லலை."

இருபத்திரண்டு வருடம் நான் யாருக்கும் தெரியாமல் பாதுகாத்த ரகசியத்தை நானே தினமும் இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அண்ணாச்சி ரிஜிஸ்டரை மூடினார். "வேலை சுத்தமாத்தான் இருக்கு" என்றார். பிரஸ்காரர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. ஆனாலும் அவர் விடவில்லை. "இவுக நம்பரை வச்சுச் சமாளிச்சுட்டாக. பிரஸ்ல நம்பரை வச்சு என்ன செய்ய? நாளைக்கு என் பேரன் அந்த மிஷின் முன்னால எப்படி நிப்பான்?"

அப்போதுதான் அபிராமி பேசினாள். அந்த மூன்று நாளில் அவள் குரலை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"மாமா, என் தம்பி ரயில் ஓட்டலை. சாத்தூர்ல மளிகைக் கடை வச்சிருக்கான். தக்காளி பழுத்திருக்கான்னு அமுக்கிப் பாத்து வாங்குவான். அவன் சீக்கு அம்புட்டுதான்."

அண்ணாச்சி லென்ஸைப் பைக்குள் வைத்தார்.

"பிரஸ்ஸுக்குக் கலர் பாக்க ஆள் வேணும்னா விளம்பரம் குடுங்க மாமா. நான் பிள்ளை கேக்கேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கார்த்திக் கையில் பேனா இருந்தது. அதன் மூடியை மாட்டிச் சட்டைப் பையில் வைத்தான். "நானும் போடலைப்பா" என்றான்.

"ஏலே" என்றார் அண்ணாச்சி. அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரிய வாக்கியம் வரும் போலிருக்கிறது, மகன் காத்திருந்தான். அன்று வரவில்லை.

கிளம்பும்போது அபிராமி என் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள். "சார், நீங்க அரக்கைப் பச்சைன்னு தொட்டப்பத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு" என்றாள். என் இத்தனை வருட வேலையில், தப்பாகச் செய்த காரியத்துக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

7. பிழைக்குமா

மேடம் என்னை லேப் வேலையிலிருந்து ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். சரியான தண்டனை. டேங்கில் இருந்த ஒவ்வொரு ஸ்ட்ராவையும் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டார்கள். ஒன்றுகூட மாறியிருக்கவில்லை. மாறவில்லை என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பாதுகாப்பை எல்லோரும் தெரிந்தே செய்திருப்போம். சாந்தி சிஸ்டர் தனியாகச் சுமந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கண்ணோ கையோ எதுவோ, குறை இருந்தால் சேரும் நாளிலேயே சீஃபிடம் சொல்லுங்கள். இது என் முதல் பாடம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு எவ்வளவு காலம் ஆனது என்று பார்த்தீர்கள்.

திங்கட்கிழமைக்கு மதுரையிலிருந்து ஒரு எம்ப்ரியாலஜிஸ்ட் வந்தார். நான் வெளியே காத்திருப்போர் பெஞ்சில் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை.

"தம்பி, மூணுல எதை மொதல்ல வைப்பாக?"

"நல்லா வளர்ந்திருக்கிறதை."

"அதுவும் வடிகட்டுறதுதானே? நான் கேட்டா தப்பு, நீங்க செஞ்சா சரியா?"

நான் பாத்ரூமில் எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. நாலு நாளாக யோசித்ததில் எனக்குக் கிடைத்ததை அப்படியே சொன்னேன். "நாங்க பொழைக்குமான்னு பாக்கோம் அண்ணாச்சி. பொழைச்சு வந்து என்ன வேலைக்கு ஆகும்னு பாக்கிறதில்லை."

"அதையும் மத்தவுக பாக்காமலா இருக்காக?"

"பாக்காங்க. கேட்டா நான் இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லுதேன்."

இது எல்லாக் கேஸுக்கும் பொருந்துகிற பதில் இல்லை. ஒரு பிள்ளையை ரத்தம் ஏற்றி ஏற்றிப் பறிகொடுத்துவிட்டு, அடுத்ததுக்கு அந்த நோய் வரக் கூடாது என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் இப்படிப் பேசினால் என்னைச் செருப்பால் அடிக்கலாம். கோடு எங்கே என்று கேட்டால் எனக்கு முழுதாகத் தெரியாது. ஒன்று மட்டும் செய்கிறேன். கழிக்கச் சொல்லி யாராவது கேட்டால், கழிபடப் போகிறவனுக்கு அதனால் வலிக்குமா, இல்லை அவனால் நமக்குத்தான் சங்கடமா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளே எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கருவை வைக்கும்போது ஸ்கேன் திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு மின்னிப் போனதை அபிராமி பார்த்தாளாம். வெளியே வந்து மாமனாரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

பதினான்கு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தோம். தங்கவில்லை.

அதற்கு மறு வாரம் மத்தியானம் அண்ணாச்சி தனியாக வந்தார். மேடத்தைப் பார்க்கக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. மிஷினை விட்டுவிட்டு அவர் அந்த நேரத்தில் வெளியே வந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"மருமக சாப்பிட மாட்டேங்கா" என்றார். பிறகு, "மிச்சம் ரெண்டும் பத்திரமா இருக்கா தம்பி?"

"இருக்கு அண்ணாச்சி."

"நம்பர் பாத்தீகளா?"

"சாந்தி சிஸ்டர் பாத்தாங்க."

"அப்ப சரி."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். டீயில் ஆடை கட்டிய பிறகு கேட்டார்.

"அந்த மொத ஒண்ணு… அதுக்குக் கலர் தெரிஞ்சிருக்குமா?"

"அது யாருக்கும் தெரியாது அண்ணாச்சி."

"தெரியாட்டிப் போகுது" என்றார். "இருந்திருக்கலாம்."

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "ரெண்டாவதை எப்ப வைக்கலாம்னு டாக்டரம்மாகிட்ட கேளுங்க. நான் இங்கனயே நிக்கேன்."

நான் கேட்கப் போனேன்.